பத்து ராப்பன் குறைவு

பீல் நகரத்துத் தமிழர்களில் தம்பித்துரையை விடப் பிடிவாதக்காரர் ஒருவரைத் தேடிப்பிடிப்பது கஷ்டம். கடிகாரத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் குனிந்து வேலை செய்து, கண் பார்வை குறைந்ததும் பலசரக்குக் கடை போட்டவர். நல்ல மனுசன்தான். ஆனால் முன்னால் கடை வைத்திருக்கும் ஜெயமலரின் பெயரை மட்டும் ஒன்பது வருடமாக வாயால் சொன்னதில்லை. "எதிர்ப்பக்கம்" என்பார்.

வெள்ளிக்கிழமை விமானத்தில் மரக்கறி வந்ததும் தம்பித்துரை முருங்கைக்காய் விலையைக் கடைக் கண்ணாடியில் எழுதுவார். அவர் பேனையை மூடுவதற்குள் ஜெயமலரின் கண்ணாடியில் பத்து ராப்பன் காசு குறைவாக எழுதியிருக்கும். இவர் அழித்து எழுத, அவரும் அழித்து எழுத, மத்தியானத்துக்குள் இரண்டு பேருக்கும் கையில் பெரிதாக மிச்சம் ஒன்றும் இராது. சனத்துக்குக் கொண்டாட்டம். அங்கே வாங்கிய பையை ஜக்கெட்டுக்குள் ஒளித்துக்கொண்டு இங்கே வந்து, "இப்பதான் அண்ணை ரயிலால இறங்கினனாங்கள்" என்பார்கள். கறிவேப்பிலை வாசம் காட்டிக்கொடுக்கும். தம்பித்துரையும் தெரியாதது போல இருந்துவிடுவார்.

ஒரு வியாழக்கிழமை, ஜெயமலர் கடையைப் பூட்டப் போகிறார் என்ற செய்தி வந்தது. முழங்கால் நோவாம், சூரிச்சில் மகளோடு போய் இருக்கப் போகிறாராம். தம்பித்துரைக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. மனைவி பத்மினியிடம், "இனி நாங்கள் வைக்கிறதுதான் விலை" என்றார். அடுத்த கிழமைக்கு இரட்டிப்பு முருங்கைக்காய்க்குச் சொல்லியும் விட்டார்.

மறுநாள் நொஷாட்டல் ஊரில் இருந்து ரயிலில் யோகாம்பாள் வந்தார். மாதம் தவறாத வாடிக்கைக்காரி.

"இண்டைக்குக் கனக்க வாங்கிறன் அண்ணை. இனி இஞ்சால வரமாட்டம்."

"ஏன் பிள்ளை? நான் இருக்கிறன்தானே?"

"கோவிக்காதேங்கோ. ரெண்டு கடை இருக்கிறபடியால்தான் ரயில் ஏறி வாறது. உங்களிட்ட இல்லாதது அங்க இருக்கும். விலையும் அடிபட்டு இறங்கும். ஒரு கடைக்கெண்டு ஆர் வருவினம்? சூரிச்சுக்கே போயிடுவம்."

பின்னால் நின்ற இரண்டு பேரும் தலையாட்டினார்கள். உள்ளூர்ச் சனத்தை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது. ஜெயமலர் பூட்டினால் ஆறு மாதத்தில் தானும் பூட்ட வேண்டியதுதான் என்று தம்பித்துரைக்கு விளங்கிவிட்டது.

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாகத் தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குள் நுழைந்தார். கடையை விடுவதாக எழுதிய கடிதம் கையெழுத்துப் போடாமல் மேசையில் கிடந்தது.

"என்ன அண்ணை, வழி மாறி வந்திட்டியளோ?"

"ஜெயமலர்," என்றார். "பூட்டாதேங்கோ. நீங்கள் போனால் நானும் போகவேண்டியதுதான். பாரப் பெட்டியளை நான் வந்து இறக்கித் தாறன்."

முழங்காலை விட, இத்தனை வருடமும் ஒரு துணையில்லாமல் பெட்டி இழுத்ததுதான் ஜெயமலருக்கு அதிகம் நொந்தது.

"அப்ப ரெண்டு பேரும் ஒரே விலையா வைப்பமோ?"

தம்பித்துரை பதறிப்போனார். "ஐயோ வேண்டாம்! பிறகு யோகாம்பாள் ரயில் ஏறமாட்டா."

ஜெயமலர் சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கிழித்தார்.

அடுத்த வெள்ளி காலை, எதிர்க் கடைப் பெட்டிகளை இறக்கிக் கொடுத்துவிட்டு வந்து தம்பித்துரை தன் விலையை எழுதினார். இரட்டிப்பாக வந்த முருங்கைக்காய் காலடியில் குவிந்து கிடந்தது. நிமிர்ந்து பார்த்தார். எதிர்க் கடைக் கண்ணாடியில் பத்து ராப்பன் குறைவு.

"பாரும் பத்மினி, இந்த ஜெயமலரின்ரை அநியாயத்தை!" என்று கத்தினார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் தெரு முழுக்கக் கேட்டது.