தானாக நடுங்கிய முன்சக்கரங்கள்

மே விடுமுறையில் சிங்கப்பூர் போனது ஊர் சுற்ற அல்ல. என் பெரியப்பா மகன் செல்வம் அண்ணன் அங்கே கட்டுமான கிரேன் ஓட்டுகிறார். ஞாயிறானால் ரிமோட் கார் பந்தயம். "வண்டி வளைவுல குதிக்குது, வந்து ஷாக் அப்சார்பரைப் பாருடா" என்றார். திருச்சியில் எனக்கும் அதே பைத்தியம். இரண்டாம் முறை கூப்பிட வைப்பேனா?

சாங்கி விமான நிலையத்திலிருந்து எக்ஸ்போ ஸ்டேஷனில் ரயில் மாறி லிட்டில் இந்தியா: முக்கால் மணி நேரம், இரண்டு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சற்று மேல். வாழையிலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு பஸ்ஸில் புக்கிட் மேரா. அண்ணன் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில்தான் வேலை. வெளியே மழை, உள்ளே கல் மேசைகள், ஆள் அரவமே இல்லை. ஏனோ அந்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஷாக் வேலை சுலபம். முன்பக்கம் கெட்டியான ஆயில் ஊற்றி, ஸ்பிரிங் இறுக்கத்தை இரண்டு சுற்று தளர்த்தினேன். குதிப்பு நின்றது. அத்தோடு விட எனக்கு மனம் வருமா? ரிமோட்டின் ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினால் வண்டி கண்டுகொள்ளவே இல்லை. மெனுவில் பார்த்தேன். சின்ன அசைவுகளை வண்டி பொருட்படுத்தாதபடி ஒரு செட்டிங்கை எக்கச்சக்கமாக வைத்திருந்தார். மனுஷனுக்கு மெனு பார்க்கத் தெரியவில்லை என்று சிரித்துக்கொண்டே அதைப் பூஜ்யமாக்கினேன்.

அண்ணன் தேநீர் வாங்கி வந்து ரிமோட்டைக் கையில் எடுத்தார். ஸ்டாண்டில் இருந்த வண்டியின் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக நடுங்க ஆரம்பித்தன. கிர்ர் என்று மெல்லிய சத்தம். அவர் எதையும் திருப்பவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வேறு யாருடைய சிக்னலோ என்று சுற்றிலும் பார்த்தேன்; ஒருவரும் இல்லை. ரிமோட்டை நான் வாங்கினேன், நின்றது. அவரிடம் கொடுத்தேன், மறுபடியும் கிர்ர்.

"செட்டிங்க மாத்துனியா?"

"ஆமாண்ணே."

"பழையபடி வெச்சிடு லா" என்று சிங்கப்பூர்ப் பாணியில் இழுத்தார்.

அப்போதுதான் அவர் கை நடுங்குவதைப் பார்த்தேன். "எத்தன நாளா இப்படி?"

"ஆறு மாசம் இருக்கும். சைட்ல யாருக்கும் தெரியாது. டாக்டர்கிட்ட போனா கிரேன் லைசென்ஸ் போயிடும்."

பழையபடி வைத்தேன். அவர் கையில் ரிமோட் இருக்க, சக்கரங்கள் அசையாமல் நின்றன. எனக்கு முன்பைவிடப் பயமாக இருந்தது.

"கிரேன்ல இந்த செட்டிங் இருக்காண்ணே?"

அவர் ரிமோட்டை அணைத்துப் பையில் வைத்தார். ஞாயிறு பந்தயத்துக்கும் நாங்கள் போகவில்லை.

போகிறவர்களுக்கு: ஷாக் ஆயிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். அடுத்தவர் ரிமோட்டில் ஒரு செட்டிங் விசித்திரமாகத் தெரிந்தால், ஏன் என்று முதலில் அவரிடமே கேளுங்கள்.

திங்கட்கிழமை காலை விமானத்துக்குக் காத்திருந்தபோது அண்ணனிடமிருந்து செய்தி வந்தது. "சைட்டுக்குப் போகல. கிளினிக்ல உக்காந்திருக்கேன், நம்பர் இன்னும் கூப்பிடல. கை நடுங்குதுடா. இப்ப பயத்துல."