ஃபிரிட்ஜ் கதவில் இருந்த பெயர்

சுன்னிவா என்ற பெயரைப் போர்கில்ட் முதன்முதலில் கேட்டது ஒலிபெருக்கியில்தான். பள்ளத்தாக்கின் பனிச்சறுக்குப் பந்தயத்தில், "நாப்பத்தொண்ணாம் நம்பர், சுன்னிவா, முதலிடம்!" என்று கத்தினார்கள். அந்தப் பெண் எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிற்காமல், வந்த வேகத்தில் வேலியோரம் வரை போய்த்தான் நின்றாள். நாலு வருஷத்தில் போர்கில்டின் மகன் ஸ்டைனர் அவளையே கட்டிக்கொண்டான். வீட்டுக்கு ஒரு குதிரை வந்திருக்கிறது என்று போர்கில்ட் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாள். அந்தப் பெருமைதான் பின்னால் கண்ணை மறைத்தது.

முப்பத்திரண்டு வயதில் சுன்னிவாவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அவள் எழுந்திருக்கவில்லை. உள்ளூர் டாக்டர் மனச்சோர்வு என்றார். அடுத்தவர் நாள்பட்ட களைப்பு என்றார். பட்டணத்து டாக்டரோ, களைப்பு என்பதே தப்பான பெயர் என்று சொல்லி, வாயில் நுழையாத இன்னொரு பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஸ்டைனர் அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினான்.

"மூணு டாக்டரு, மூணு பேரு. பேரே நிக்காத நோய்க்கு படுக்கை மட்டும் எப்படிடா நிக்குது?" என்றாள் போர்கில்ட்.

"அந்தத் தாளப் படிச்சுப் பாரும்மா."

"பதினாலு மாடு கறந்தவடா நான். களைப்பு என்னன்னு காயிதத்துல படிக்கணுமா?"

இலையுதிர்காலத்தில் ஊர் கூடிப் பாதையோரம் சுத்தம் செய்யும் நாள் வந்தது. வர முடியாதவர்கள் ஒரு கேக்காவது சுட்டு அனுப்புவது வழக்கம். சுன்னிவாவிடமிருந்து அதுவும் வரவில்லை. பக்கத்து வீட்டு ஓட்னி, இலை வாருகிற வாக்கிலேயே கேட்டாள்:

"என்ன போர்கில்ட், உன் குதிரை லாயத்த விட்டு வெளிய வராதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். போர்கில்டுக்கு முகம் சுண்டிப்போனது.

ஈஸ்டருக்கு மலைக்குடிலுக்குப் போகாத குடும்பம் அங்கே கிடையாது. ஸ்டைனர் அப்போது நடுக்கடலில், எண்ணெய் எடுக்கும் மேடையில் முறைவேலையில் இருந்தான்.

"எந்திரி. மலைக்காத்தும் வெயிலும் பட்டா எல்லாம் ஓடிப்போயிடும்," என்றாள் போர்கில்ட்.

"வேணாம் அத்தை. அப்புறம் விழுந்துடுவேன்."

"விழுந்தா நான் தூக்குறேன். ஊரு சிரிக்குதும்மா. எனக்காக ஒரு தடவை வா."

அந்த 'எனக்காக'வுக்குத்தான் சுன்னிவா எழுந்தாள். பனிச்சறுக்கில் ஆறு கிலோமீட்டர். பழைய கால் எதையும் மறக்கவில்லை. பின்னால் சறுக்கி வந்த போர்கில்டுக்குத்தான் மூச்சு வாங்கியது. குடிலின் தெற்குச் சுவரில் சாய்ந்து இருவரும் ஆரஞ்சு உரித்துத் தின்றார்கள். அங்கிருந்தே ஓட்னிக்குப் போன் போட்டாள் போர்கில்ட்.

"நோயும் இல்ல, பேரும் இல்ல. என்னையே பின்னால விட்டுட்டுப் போறாடி!"

சுன்னிவா பக்கத்தில்தான் இருந்தாள். ஆரஞ்சுத் தோலை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

குடிலில் மூன்றாம் நாள் காலை அவளால் காபிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. "வெளக்க அணைங்க அத்தை, கண்ணக் குத்துது," என்றாள். விளக்கு எரியவில்லை. அது ஜன்னல் வெளிச்சம். மலை மீட்புக்காரர்கள் வந்து, பனியில் இழுத்துப்போகும் படுக்கையில் கட்டி அவளைக் கீழே இறக்கினார்கள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் போர்கில்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபிரிட்ஜ் முன்னால் நின்றாள். பெயருக்குக் கீழே கோடு போட்டு எழுதியிருந்தது: உழைத்த அன்று தெரியாது, மறுநாளோ மூன்றாம் நாளோ உடம்பு விழும், சிலருக்கு விழுந்தது எழாமலே போகலாம். ஏழு மாதமாகத் தினமும் அந்தக் கதவைத் திறந்துதான் அவள் பால் எடுத்திருந்தாள்.

ஸ்டைனர் வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஓட்னி கேக்கோடு வாசலில் வந்து நின்றாள். "அவளுக்கு என்னதான் வியாதி?" என்று கேட்டாள். போர்கில்ட் அந்த வாயில் நுழையாத பெயரை மூன்று தரம் தடுக்கித் தடுக்கிச் சொல்லி முடித்தாள்.

"அது முன்னயே இருந்துச்சு, ஓட்னி. நான்தான் இல்லன்னேன்."

சுன்னிவாவுக்கு இப்போது நாற்பது நடக்கிறது. அதே வீட்டில், வடக்கு அறையில், திரை போட்ட ஜன்னலுக்கு அடியில் படுத்திருக்கிறாள்.