அறுநூற்றுப் பதினோரு டிக்கும் ஒரு காலிக் கட்டமும்

அமெரிக்காவின் விச்சிட்டாவில் விமான உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் ரிவெட் ஆணி அடித்ததில் அர்லெட்டா ஃப்ரீசனின் வலது மணிக்கட்டு ஓய்ந்துவிட்டது. காப்பிக் கோப்பையைத் தூக்கினாலே கை நடுங்கும். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள். முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினாள்.

"கை போனா என்ன, கண்ணு நல்லாத்தானே இருக்கு? பழைய ஆளு ரிடயர் ஆகிட்டாரு. அரசாங்கச் சாமான் பொறுப்ப நீ பாத்துக்கோ."

அந்த வார்த்தைக்காகவே அர்லெட்டா வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். விமானப்படை ஆர்டருக்காக அரசாங்கம் கொடுத்துவைத்த கருவிகள் தொழிற்சாலையின் கையில் இருந்தாலும் அதற்குச் சொந்தமில்லை. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த வில்லை இருக்கும். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, வில்லையைத் துடைத்துப் படித்த பிறகுதான் டிக் அடிப்பாள். அப்படி மூன்று வாரம் அலைந்ததில் அறுநூற்றுப் பதினொன்று கிடைத்தன. ஒன்று மட்டும் இல்லை. துளை போடும்போது தகட்டைப் பிடித்துக்கொள்ளும் எஃகுச் சட்டம் அது. சக்கரம் வைத்தது, ஆள் உயரம், முந்நூறு கிலோ. பழைய ஆள் நாற்காலியைவிட்டு எழாமலே வருடா வருடம் 'உள்ளது' என்று எழுதியிருந்தார்.

"நீயும் அப்படியே எழுதிட்டுப் போயேன். யாரு கேக்கப் போறா?" என்றார் ஃபோர்மேன் டெல்பர்ட்.

"நான் பாக்கலையே டெல்பர்ட்."

"முந்நூறு கிலோவ எவன் டிபன் டப்பால போட்டு எடுத்துட்டுப் போவான்? இங்கதான் எங்கயாவது கெடக்கும்."

அவள் எழுதவில்லை. காணவில்லை என்று அறிக்கை அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் அரசாங்கத்திலிருந்து ஆர்வில் டக்கெட் என்ற சொத்து அதிகாரி வந்து இறங்கினார். இருவரும் கொட்டகை கொட்டகையாகத் தேடினார்கள். தகவல் தொழிற்சாலை முழுக்கப் பரவிவிட்டது.

மதியம் பெயிண்ட் பிரிவிலிருந்து துவான் வந்து, அர்லெட்டாவும் டக்கெட்டும் இருந்த அறை வாசலில் நின்றார். வியட்நாம்காரர், அறுபதை நெருங்கியவர், தேவைக்கு மேல் பேசாதவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அர்லெட்டா, அந்தச் சட்டத்த நகத்துனது நாந்தான்."

பன்னிரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் சூறாவளி கூரையைப் பிடுங்கியபோது ஒன்பது பேர் கருவி அறைக்குள் ஓடி ஒளிந்தார்கள். கதவின் தாழ்ப்பாள் தெறித்துவிட்டது. துவான் இருட்டில் கைக்கு அகப்பட்ட அந்தச் சட்டத்தை உருட்டிவந்து கதவில் முட்டுக்கொடுத்து, தோளையும் சேர்த்து வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். காற்று ஓய்ந்ததும் எல்லோரும் இருட்டிலேயே பின்பக்க ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டார்கள். அப்புறம் கட்டட வேலைக்காரர்கள் சேதமான அந்த அறையையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள், சட்டம் உள்ளே மாட்டிக்கொண்டது.

"நான் அப்ப சேந்து மூணே வாரம். கையெழுத்து இல்லாம அரசாங்கச் சாமானத் தொட்டா வேலை போயிடும்னாங்க. வாயே தொறக்கல. இன்னிக்கு உங்க பேரு கெட்டுடும்னு தோணுச்சு."

அந்த ஒன்பது பேரில் அர்லெட்டாவும் ஒருத்தி. முழங்காலில் முகம் புதைத்துக் கிடந்தாள். படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்த கதவு சட்டென்று நின்றது. காற்று தணிந்துவிட்டது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

டக்கெட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சூறாவளி நேரத்துல கையெழுத்து வாங்க யாரத் தேடியிருப்பீங்க? அத விடுங்க. சுவத்த ஒடச்சுப் பாப்போம்."

உடைத்தார்கள். துருவேறி வளைந்துபோயிருந்தாலும் சட்டம் நின்ற இடத்திலேயே நின்றது. டக்கெட் எண்ணைச் சரிபார்த்து, 'இயற்கைச் சீற்றத்தில் சேதம், யாருடைய பொறுப்பும் இல்லை' என்று எழுதினார். துவானிடம் கைகுலுக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அர்லெட்டா, வலிக்கிற கையாலேயே பிசைந்து சுட்ட, ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்த இரட்டைத் தலை பன்களை எடுத்துக்கொண்டு துவான் வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த அவர் மனைவி பதறிவிட்டாள்.

"அரசாங்கச் சாமான் அம்மாவா? இவரு மறுபடியும் எதயாவது தூக்கிட்டாரா?"

"ஆமா," என்றாள் அர்லெட்டா. "என்னயும் இன்னும் ஏழு பேரயும், அந்தச் சூறாவளிலேருந்து. நன்றி சொல்லத்தான் வந்தேன், லேட்டா."

பன்களை அவளிடம் நீட்டினாள். துவானின் மனைவிக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் அர்லெட்டாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்து, சூப்புக் கிண்ணத்தை நிரப்ப ஆரம்பித்தாள்.