காட்டிக் கொடுத்த அக்கா

பிள்ளைகளா, அப்பா மனப்பதற்றத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்குவது உங்களுக்குத் தெரியும். ரொம்பப் பழைய வகை மாத்திரை. பயம் அடங்கியது, ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. ராஜபாளையம் மில்லில் அறுந்த நூலை இணைக்க முடியவில்லை. வேலை போய்விடுமோ என்று மாத்திரையையே நிறுத்திவிட நினைத்தேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில், அதே மாத்திரை வாங்க வரும் வத்திராயிருப்பு அக்கா ஒருவரைப் பார்த்தேன். கனத்த உடம்பு, நெற்றி நிறையத் திருநீறு. பெஞ்சில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார். வராண்டாவில் நடந்துகொண்டே இருப்பார். என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நடுக்கத்த டாக்டர்ட்ட சொன்னியா தம்பி?"

"சொன்னா மாத்திரையக் கூட்டிருவாகளோன்னு பயம்க்கா."

"நல்லா பயந்த போ!"

அங்கே ஒருவர் டாக்டர் முன் இருக்கும்போதே அடுத்தவர் பின்னால் வந்து நிற்பது வழக்கம். நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, "நல்லா இருக்கேன் சார்" என்றேன்.

பின்னாலிருந்து அக்கா, "சார், அந்தக் கைய வெளிய எடுக்கச் சொல்லுங்க!" என்றார்.

டாக்டர் கையைப் பார்த்து மாத்திரை அளவைக் குறைத்தார். நான் விடுவேனா?

"சார், இவுகளுக்குக் கால் ஒரு இடத்துல நிக்காது. அதையும் கேளுங்க."

"அடப்பாவி, காட்டிக் குடுத்துட்டியே!" அக்கா சிரித்துவிட்டார்.

"அதுவும் மாத்திரையாலதாம்மா. ஏன் இத்தன நாளா சொல்லல?" என்றார் டாக்டர். அக்காவுக்கும் அளவைக் குறைத்து எழுதினார்.

இப்போது நான் நூலை நன்றாக இணைக்கிறேன். அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுகிறார். அவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. யாரோ ஒருவன் கைக்காக அவ்வளவு சத்தம் போட்டவர், தன் காலுக்காக ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.