தேவராஜா உதைக்க மறுத்த மண்

எழுபத்தைந்தாம் ஆண்டு சிட்னியில், காற்சட்டையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் ரக்பி ஆடிச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தேவராஜாதான். வாரநாட்களில் ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் வரைவார். சனிக்கிழமைகளில் மேற்குப் புறநகர்க் குழு ஒன்றுக்குக் கோல் உதைப்பார். மற்றவர்கள் எருமைகள் போல மோதிக்கொண்டிருக்க, இவர் மைதானத்தின் ஓரத்தில் கலியாணத்துக்கு வந்தவர் மாதிரி நிற்பார். தம் ஆள் யாராவது பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தால்தான் இவருக்கு வேலை. ஒரு வாளி மணல் வரும். அதைக் குவித்து, மேலே பந்தை நிறுத்தி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைக்க வேண்டும்.

"உதுவும் ஒரு விளையாட்டே?" என்று மனைவி சிவனேஸ்வரி சீண்டுவாள்.

"அமெரிக்காவில உதைக்கிறதுக்கெண்டே தனியா ஆள் வச்சிருக்கிறாங்கள், தெரியுமே? ஒருத்தன் விரலால பந்தைப் பிடிப்பான், மற்றவன் உதைப்பான். அவ்வளவுதான் உத்தியோகம்."

"நல்ல உத்தியோகம்! தோய்க்கிற வேலை மிச்சம்."

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய கால் சொல்வழி கேட்கவில்லை. பந்து கம்பங்களுக்கு நடுவே தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. ஒன்று மைதானத்தருகே போன ரயிலின் கூரையில் ஏறி, நகரத்துக்கு வெளியே ஹெலன்ஸ்பர்க் வரைக்கும் போய் இறங்கியது. பயிற்சியாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: இந்தச் சனிக்கிழமையும் தவறினால் அடுத்த வாரம் வேறொருவன் உதைப்பான். ஊரில், நெல்லியடியில், வெறுங்காலோடு பந்தடித்த நாளிலிருந்து தேவராஜா ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான்.

சனிக்கிழமை மழை கொட்டியது. ஆட்டம் முடிகிற நேரம். நம்மவர்கள் பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால், மைதானத்தின் ஓரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள்; அதற்குப் புள்ளிகள் கிடைத்தும் இன்னும் ஒரு புள்ளி பின்தங்கல். இனி உதை ஒன்றுதான் பாக்கி; கம்பங்களுக்கு நடுவே போனால் இரண்டு புள்ளி, வெற்றி. வேலியோரம் ஒரு குடைக்குள் சிவனேஸ்வரியும், அடுத்த வீட்டுக்காரியான நானும். எங்களுக்குக் கையெட்டும் தூரத்தில் தேவராஜா மணலைக் குவித்தார்.

மற்ற நாட்களில் மணல் உலர்ந்திருக்கும், குவித்தால் சரியும். அன்று ஈரம். பதற்றத்தில் அவர் கை தன்பாட்டில் வேலை செய்தது. உள்ளங்கையால் அழுத்தி, விரல்களால் கூம்பாக்கி, பக்கத்தில் கிடந்த புல்லில் ஒன்றைக் கிள்ளி உச்சியில் செருகியும் விட்டது. சிட்னி மைதானத்துப் புல்லும் அறுகம்புல்தான். கையை எடுத்தார். பிள்ளையார் உட்கார்ந்திருந்தார்.

"இஞ்சாருங்கோ, அவரின்ர தலையிலயோ பந்தை வைக்கப் போறியள்?" என்று சிவனேஸ்வரி கேட்டாள்.

"நான் வேணுமெண்டே பிடிச்சனான்? கை பிடிச்சிட்டுது!"

"புல்லை எடுத்துப்போட்டு அடியுமன்," என்றேன் நான்.

"என்னக்கா, புல்லை எடுத்தா அவர் எழும்பிப் போயிடுவாரே?" என்றார் தேவராஜா.

நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "அடி, மேட்!" என்று தூரத்திலிருந்து பயிற்சியாளர் கத்தினார். வாளியில் வேறு மணல் இல்லை. தேவராஜா குனிந்து, பிள்ளையாரை இரு கைகளாலும் அலுங்காமல் ஏந்தி, வேலிக்கு மேலாக மனைவியிடம் கொடுத்தார். பிறகு குழுவிலேயே பெரிய ஆளான பிரூஸைக் கூப்பிட்டு, சேற்றில் குப்புறப் படுத்து ஒற்றை விரலால் பந்தைப் பிடிக்கச் சொன்னார்.

"தேவ், என் விரல்!"

"பயப்படாதே. அமெரிக்காவில எல்லாரும் பிடிக்கிறாங்கள்."

"அதில எத்தனை பேருக்கு இன்னும் விரல் இருக்கு?"

உதைத்தார். பந்து மேகத்துக்குள் போய்விட்டது. நான் பிளாஸ்கைத் திறந்து, ஒரு வாய் தேத்தண்ணி குடித்து, மூடியையும் திருகினேன். அதன் பிறகுதான் அது இறங்கியது, கம்பங்களுக்கு நட்டநடுவே.

பயிற்சியாளர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார். "அடுத்த வாரமும் நீதான். நல்ல உலர்ந்த மணலாகக் கொண்டுவரச் சொல்கிறேன்."

"எனக்கு மணல் வேண்டாம். பிரூஸ் போதும்."

"வெண்டது சரி, இவரை நான் எங்கை கொண்டுபோய்க் கரைக்கிறது?" என்றாள் சிவனேஸ்வரி, நனைந்த சேலைத் தலைப்பால் பிள்ளையாரைப் போர்த்தியபடி.

முழங்கால் தேயும்வரை அந்தக் குழுவுக்குத் தேவராஜாதான் உதைத்தார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் பிரூஸ் மட்டும் தன் விரலை ஒருமுறை ஆசை தீரப் பார்த்துக்கொள்வான்.