சொந்தம் விட்டுப் போகாமல்

எங்கள் வீட்டில் பெண்ணையும் வெளியே கொடுக்கமாட்டார்கள், மாட்டையும் வெளியே விடமாட்டார்கள். அப்பாவே அம்மாவுக்குத் தாய்மாமன்தான். அம்மாவின் தம்பிக்கு என் அக்காவைக் கொடுப்பது என்று அவள் பிறந்த அன்றே பேசி முடித்தாகிவிட்டது. "சொந்தம் விட்டுப் போவக் கூடாது" என்பதைக் குலதெய்வத்துக்கு அடுத்தபடியாகக் கும்பிட்ட குடும்பம்.

சேவூரில் எங்கள் தறி வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டைமாடு நின்றது. அம்மாவின் பிறந்த ஊரான சந்தவாசலிலிருந்து சீரோடு வந்தது. என் மார்பு உயரம்தான் இருக்கும். தெரு முழுக்கச் சீமை மாட்டுக்கு மாறிய பிறகும் அம்மாவின் தம்பியான மாமா மட்டும் விடவில்லை. "சினை ஊசி போட்டா ஜாதி கெட்டுப்பூடும்க்கா" என்பார். அந்த மாடு ஈன்ற காளையைச் சந்தவாசலில் அவரே வளர்த்தார். அந்த இனத்தில் வேறு காளை சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. மாடு சினைக்குக் கத்தும்போதெல்லாம் டெம்போவில் ஏற்றி அந்தக் காளையிடமே கொண்டுபோனார். தாயும் மகனுமாயிற்றே என்று யாரும் யோசிக்கவில்லை. மாட்டுக்கு ஏது முறை!

அப்படிச் சேர்த்ததில் முதல் கன்று செத்தே பிறந்தது. கண் திருஷ்டி என்று பூசணிக்காய் உடைத்தோம். அடுத்தது உயிரோடு வந்தது, ஆனால் எழுந்து நிற்கவில்லை. முன்னங்கால் இரண்டும் உள்ளே மடங்கியிருந்தன. புட்டியில் பால் கொடுத்தால் பாதி வாயோரம் வழிந்துவிடும். ஐயோ, அது பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

மாமா மாட்டு டாக்டரை அழைத்து வந்தார். காளை எது என்று டாக்டர் கேட்டார். இந்த மாடு ஈன்றதுதான் என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

"ஒரே ரத்தத்துலயே சேர்த்துகினு இருந்தா இப்படித்தாங்க. இனத்தைக் காப்பாத்தணும்னா, அதே இனத்துல வேற வழிக் காளையாத் தேடுங்க" என்றார் டாக்டர்.

"தெள்ளார் வரைக்கும் தேடிட்டேன் சார். எல்லாத்தையும் அடிமாட்டுக்கு வித்துட்டானுங்க. எங்க போவறது?"

டாக்டர் பையை மூடினார்.

கதவோரம் நின்ற அம்மா திடீரென்று கேட்டாள். "சொந்தத்துலயே பண்ணிகினு வந்தா, காலு இப்படி ஆவுமாங்க?"

"ஆவலாம்மா. ஒவ்வொரு தடவையும் ஆவும்னு இல்ல. ஆனா திரும்பத் திரும்பச் சேர்த்தா பயம் கூடத்தான் செய்யும்."

அம்மா உள்ளே போய்விட்டாள். என் தம்பி கூடத்தில் பாயில் படுத்திருந்தான். பள்ளிக்கூடம் போகிற வயதாகியும் அவனுக்கு நடை வரவில்லை. அவன் வாயைத் துடைத்துவிட்டு, இரண்டு காலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் கன்று செத்தது. குழியை மூடிவிட்டு வந்த மாமாவிடம் அம்மா, "பொண்ணு குடுக்கறதுக்கு இல்லடா. வெளியில பார்த்துக்க" என்றாள்.

மாமா கொதித்தார். "கன்னுக்குட்டி செத்ததுக்கும் கல்யாணத்துக்கும் இன்னாக்கா சம்பந்தம்?"

அம்மா தம்பிக்குச் சோறு பிசையப் போய்விட்டாள். அப்பா தறியை நிறுத்தவே இல்லை. அக்கா தலை குனிந்து தறிக்கான ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். ராத்திரி வழக்கத்தைவிட இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டாள். நெஞ்சழுத்தக்காரி என்று மனதுக்குள் திட்டினேன்.

மறுநாளே மாமா வந்து மாட்டை ஏற்றிக்கொண்டு போனார். கோபத்தில் அதையும் காளையையும் சேர்த்து அடிமாட்டுக்கே தள்ளிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதோடு எங்கள் பக்கத்தில் அந்த இனம் அற்றுப்போனது. மாமாவும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஒரு கன்றுக்குட்டிக்காகக் கூடப்பிறந்தவனையே அறுத்துக்கொண்டாளே என்று நான் அம்மாவோடு பல நாள் பேசவில்லை. அன்றைக்கு அவள் டாக்டரிடம் கேட்டது மாட்டைப் பற்றி என்றுதான் நினைத்திருந்தேன். பாவம், டாக்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார்.