ஸ்டெல்லா அக்காவின் ஜெபக்குறிப்பு

சோமனூரில் மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள் நான். போத்தனூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காதான் எனக்கு வேதம் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது அவரிடம் மனதைத் திறந்துவிட்டேன்.

"பசிச்சு, அழுது, செத்தும்போனவரக் கடவுள்னு எப்படிங்க்கா நம்பறது? எனக்கு மனசுல ஒட்டவே மாட்டீங்குது. ஊட்டுல சொல்லிப்போடாதீங்க."

"நான் யாருகிட்டக் கண்ணு சொல்லப்போறேன்?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஜெபக்குறிப்பு உண்டா என்று பாஸ்டர் கேட்டதும் அக்கா எழுந்தார்.

"இந்த ஊட்டு மருமக, இயேசுவக் கடவுள்னு நம்ப முடியலைன்னு அழுகுதுங்க. எல்லாரும் மனபாரத்தோட ஜெபம் பண்ணிக்கோங்க."

நான் அழவே இல்லை. அதையும் சேர்த்துக்கொண்டார்! எல்லோரும் கண்களை மூடினார்கள். மாமியார் மட்டும் மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாஸ்டர் எனக்காகவே தோமாவின் கதையை எடுத்தார். சிலுவையில் செத்த இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதை, அவர் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்று சீடன் தோமா சொன்னபோது இயேசு அங்கே இல்லை. பிறகு வந்தவர், நேரே தோமாவிடம் கையை நீட்டித் தொட்டுப் பார் என்றார். தோமா அவரை ஆண்டவரே, தேவனே என்று அழைத்தான்.

தோமாவின் சந்தேகத்தை இயேசுவிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் கடவுள்தான் என்று அந்த நிமிடம் நம்பினேன்.

அக்கா இன்னமும் வெள்ளிதோறும் எழுந்து என் விசுவாசத்துக்காக ஜெபிக்கச் சொல்கிறார். நான் நம்பிவிட்டதை அவரிடம் சொல்லவில்லை. இனி எதையும் சொல்லப்போவதில்லை.